பந்து வராத இடத்திலும் வேலை இருக்கிறது: சிறுவர் பேஸ்பால் கேள்வி - பதில்

பேஸ்பால் ஆடும் பிள்ளைகளின் பெற்றோரும் புதிதாகப் பயிற்சி கொடுக்க வந்தவர்களும் அனுப்பும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: யாரை எங்கே நிறுத்துவது? அவற்றில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். தூரம் குறிப்பிடும் இடங்களில் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கில் 12 வயதுக்கு உட்பட்டோர் ஆடும் மைதான அளவையே எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களான பேஸ்களுக்கு இடையே 60 அடி. பந்து வீசும் பிட்சர் கால் வைக்கும் ரப்பர் பலகையிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 46 அடி.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. சேர்ந்த நாளிலிருந்து ரைட் ஃபீல்டிலேயே (ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம், வெகு பின்னால்) நிறுத்துகிறார்கள். ஓர் ஆட்டத்தில் இரண்டு பந்து வந்தாலே பெரிது. புல்லைப் பிடுங்கிக்கொண்டு நிற்கிறான். பயிற்சியாளரிடம் இதை எப்படிக் கேட்பது?

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. அவனுக்கு மற்ற இடங்களும் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. ரைட் ஃபீல்டில் அவன் செய்ய வேண்டிய வேலையை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவதை நாளைக்கே சரிசெய்யலாம்.

செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிடம் தரைப் பந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் அதை எடுத்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிவான். 9 வயதில் அந்த எறி குறி தப்புவதும், ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவன் அதைக் கோட்டை விடுவதும் சர்வ சாதாரணம். பின்னால் ஆள் இல்லையென்றால் பந்து வேலி வரை உருண்டு போகும். ஒரு பேஸோடு நின்றிருக்க வேண்டிய பேட்டர் மூன்றாவது பேஸில் போய் நிற்பான். அந்தப் பின்னால் நிற்கும் ஆள்தான் ரைட் ஃபீல்டர். மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டதுமே அவன் முன்னோக்கி, ஆட்டப் பகுதியின் பக்க எல்லையான ஃபவுல் கோட்டுப் பக்கம் ஓட வேண்டும். ஃபர்ஸ்ட் பேஸுக்கு 20, 25 அடி பின்னால், எறி வரும் அதே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஆர்வத்தில் ரொம்பவும் நெருங்கிவிட்டால், முன்னால் நிற்பவனைத் தாண்டும் பந்து இவனையும் தாண்டிவிடும். கிரிக்கெட்டில் ஓவர் த்ரோ போகாமல் இருக்க ஸ்டம்புக்குப் பின்னால் ஓடிப் போய் நிற்பார்களே, அதே வேலைதான். பந்தை மெல்லத் தட்டி அருகிலேயே விழவிடும் பன்ட் அடித்தாலும் ஓட வேண்டும். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்காரும் கேட்சர் ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்தாலும் ஓட வேண்டும். இதைச் சரியாகச் செய்கிற பையனுக்குப் புல் பிடுங்க நேரமே இருக்காது.

பயிற்சியாளரிடம் பேசும்போது, "ஏன் என் பையனை இன்ஃபீல்டில் (பேஸ்களை ஒட்டிய பகுதியில்) போடவில்லை?" என்று ஆரம்பிக்காதீர்கள். "என்ன வந்துவிட்டால் அவனை இன்ஃபீல்டில் ஓர் இன்னிங்ஸ் போடுவீர்கள்?" என்று கேளுங்கள். "பந்தைப் பிடிக்கத் தடுமாறுகிறான்", "எறி எட்டவில்லை" என்று திட்டமான ஒரு பதில் வரும். வீட்டில் தினம் பத்து நிமிடம், 20 தரைப் பந்தும் 20 எறியும் போதும். லிட்டில் லீக் விதிப்படி ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது தொடர்ச்சியாக 6 அவுட் விழும் வரை ஃபீல்டிங்கில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது பேட் பிடிக்க வேண்டும். ஆனால் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை அந்த விதி சொல்வதில்லை. அது முழுக்கப் பயிற்சியாளர் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் கேட்கும் விதம் முக்கியம்.

பயிற்சியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. 9 வயதில் உயரமாக இருக்கிறான் என்று ஒருவனை ஃபர்ஸ்ட் பேஸிலேயே கட்டிப்போடுகிறீர்கள். 14 வயதில் மற்றவர்களெல்லாம் அவனைவிட வளர்ந்துவிட்டால், அவனுக்கு வேறு எந்த இடமும் தெரியாது. இந்த வயதில் ஒரு பிள்ளைக்கு நிரந்தரமாக இடம் ஒதுக்குவது அவன் உடம்பைப் பற்றி ஜோசியம் சொல்வது போலத்தான்.

கேள்வி: அணியில் 12 பேர். ஆட்டம் 6 இன்னிங்ஸ். எல்லோருக்கும் எல்லா இடமும் கிடைக்கட்டும் என்று ஒவ்வோர் இன்னிங்ஸுக்கும் ஆளை மாற்றுகிறேன். யாரும் எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லையே?

மாற்றுவது சரிதான். மாற்றும் வேகம்தான் சரியில்லை. ஓர் இன்னிங்ஸ் முழுக்க செகண்ட் பேஸ் பக்கம் ஒரு பந்துகூடப் போகாமல் இருக்கலாம். அங்கே நின்றவன் எதையும் பார்க்காமலே அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறான். 1965 செப்டம்பர் 8 அன்று கான்சஸ் சிட்டி அணியின் பெர்ட் கேம்பனெரிஸ் ஒரே ஆட்டத்தில் ஒன்பது இடங்களிலும் நின்றார். அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் அதுவே முதல் முறை. அது ரசிகர்களுக்காக நடந்த காட்சி. ஒன்பதாவது இன்னிங்ஸில் கேட்சராக நின்றபோது ஓடிவந்த ரன்னர் மோத, கேம்பனெரிஸ் காயத்தோடு வெளியேறினார். தேர்ந்த வீரருக்கே அந்த நிலை என்றால், பிள்ளைகளுக்கு இது பயிற்சி முறையே அல்ல.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 6 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் 9 இடம், மொத்தம் 54. இதை 12 பேருக்குப் பிரித்தால் ஆறு பேருக்கு 5 இன்னிங்ஸ், ஆறு பேருக்கு 4 இன்னிங்ஸ். அடுத்த ஆட்டத்தில் இதைத் தலைகீழாக மாற்றிவிடுங்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாளே தாளில் எழுதிவிடுங்கள். ஆட்டம் நடக்கும்போது யோசித்து மாற்றினால் கடைசியில் நன்றாக ஆடுபவனே எல்லா இன்னிங்ஸும் நிற்பான்.

ஒரு பிள்ளைக்கு ஓர் ஆட்டத்தில் இரண்டே இடம் கொடுங்கள். ஒன்று இன்ஃபீல்டில், ஒன்று அதற்குப் பின்னாலுள்ள அவுட்ஃபீல்டில். ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு இன்னிங்ஸ் தொடர்ந்து நிற்கட்டும். அந்த ஜோடியை இரண்டு வாரம் மாற்றாதீர்கள். பயிற்சியிலும் அதே ஜோடிதான். பிறகு அடுத்த ஜோடி.

எந்த வரிசையில் மாற்றுவது என்பதில் அவசரம் வேண்டாம். இன்ஃபீல்டில் முதலில் செகண்ட் பேஸ். அங்கே ஆடுபவன் பேஸைவிட்டுச் சற்று ஃபர்ஸ்ட் பேஸ் பக்கமாக நிற்பதால் எறி 45 அடி அளவில்தான் இருக்கும். தடுமாறிப் பந்தை எடுத்தாலும் அவுட் செய்ய நேரம் இருக்கும். அடுத்தது ஷார்ட்ஸ்டாப். தேர்ட் பேஸ் அதற்குப் பிறகு. தேர்ட் பேஸிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்குக் குறுக்காக ஏறக்குறைய 85 அடி. முதல் நாளே அங்கே நிறுத்தப்பட்ட பிள்ளை பந்தை எட்டவைக்கத் தோளைப் பிய்த்துக்கொண்டு எறிவான். ஒரு துள்ளலில் போய்ச் சேரும்படி எறியலாம் என்று சொல்லிக்கொடுங்கள். துள்ளிப் போகும் நேரான எறி, தலைக்கு மேலே பறக்கும் எறியைவிட எவ்வளவோ மேல்.

பாதுகாப்புக்காகத் தகுதி பார்த்தே ஆள் நிறுத்த வேண்டிய இடங்கள் உண்டு. இதில் நியாயம், சமவாய்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஃபர்ஸ்ட் பேஸில் ஆட்டம் முழுக்க வேகமான எறிகள் முகத்துக்கு நேராக வரும். 45 அடியிலிருந்து சக வீரன் எறியும் பந்தில் பத்துக்கு எட்டையாவது பிடிக்காதவனை அங்கே நிறுத்தாதீர்கள். பேஸ்பால் பந்து 142 முதல் 149 கிராம் எடை. கன்னத்தில் பட்டால் அந்தப் பிள்ளை மறுபடி மைதானத்துக்கே வரமாட்டான். பிட்சர் இடத்துக்கும் தேர்ட் பேஸுக்கும் இதே எச்சரிக்கை. அடித்த பந்து நேராகத் திரும்பி வரும். பந்தைக் கண்டு பயப்படும் பிள்ளைக்கு மென்மையான பயிற்சிப் பந்தும் டென்னிஸ் பந்தும் கொடுத்து அந்தப் பத்துக்கு எட்டை முதலில் எட்டவிடுங்கள். பயத்தைத் திட்டிப் போக்க முடியாது.

புது இடத்துக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். பந்து உன்னிடம் வந்தால் எங்கே எறிவாய்? பக்கத்து ஆளிடம் போனால் எங்கே ஓடுவாய்? மைதானத்தின் அந்தப் பக்கம் போனால் எங்கே ஓடுவாய்? செகண்ட் பேஸில் நிற்பவன் என்றால் பதில் இப்படி வர வேண்டும்: "என்னிடம் வந்தால் ஃபர்ஸ்ட் பேஸுக்கு. ஃபர்ஸ்ட் பேஸில் ரன்னர் இருக்கும்போது ஷார்ட்ஸ்டாப்பிடம் போனால் நான் செகண்ட் பேஸைத் தொட்டு நிற்பேன். பன்ட் விழுந்தால் ஃபர்ஸ்ட் பேஸ்காரன் முன்னால் ஓடுவான், அதனால் ஃபர்ஸ்ட் பேஸுக்கு நான் போவேன்." பதில் திக்கினால் அந்த இடத்தில் நிற்க அவன் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: 11 வயது மகன் கிரிக்கெட்டிலிருந்து வந்தவன். தரைப் பந்துக்கு ஒரு முழங்காலை ஊன்றிக் குறுக்கே உட்கார்ந்து தடுக்கிறான். ஒரு பந்தையும் விடுவதில்லை. ஆனால் ரன்னர் ஒவ்வொரு முறையும் தப்பிவிடுகிறான்.

கிரிக்கெட்டில் அவன் வேலை பந்தை நிறுத்துவது. இங்கே நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்தது. ஓட்டம் தெரிந்த ஒரு பையன் நான்கு விநாடிக்குள் ஃபர்ஸ்ட் பேஸைத் தொட்டுவிடுவான். அதற்குள் பந்தை எடுத்து, கைமாற்றி, எறிந்து முடிக்க வேண்டும். முழங்காலை ஊன்றியவன் எழுந்திருக்கும் நேரத்திலேயே ஆட்டம் கைவிட்டுப் போகிறது.

காலில் தாளம் வர வேண்டும். வலது கையால் எறிபவனுக்குத் தாளம் இதுதான்: வலது, இடது, பிடி, வலது, இடது, எறி. பந்தை நோக்கி நடந்து வரும்போது வலது காலை வைத்து, இடது காலை அரையடி முன்னால் வைத்துக் குனிய வேண்டும். கால்கள் தோள் அகலத்தைவிட அதிகம் விரிந்திருக்க வேண்டும். கிளவுஸ் இரண்டு கால்களுக்கும் முன்னால், கண்ணுக்கு நேர் கீழே, விரல் நுனி மண்ணைத் தொட்டபடி திறந்திருக்க வேண்டும். கிளவுஸைக் கீழிருந்து மேலே தூக்குவது எளிது. மேலிருந்து கீழே இறக்குவதற்குள் பந்து அடியில் நழுவிவிடும். வெறுங்கை அதன் மேல் மூடி போலக் காத்திருக்கும். பந்து விழுந்ததும் இரண்டு கையும் சேர்ந்து வயிற்றுக்கு இழுக்கும். அந்த அசைவிலேயே வலது கால் முன்னால் வந்து விழும். இடது தோள் ஃபர்ஸ்ட் பேஸைப் பார்க்கும். எறி.

தவறு பெரும்பாலும் இரண்டு இடத்தில் நடக்கும். முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைக்கும்போது கிளவுஸ் காலுக்கு அடியில் போய்விடும். பந்தே கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று, பந்து கிளவுஸில் விழும் முன்பே ஃபர்ஸ்ட் பேஸை நிமிர்ந்து பார்ப்பது. பந்து காலுக்கு நடுவே போவதற்குப் பெரும்பாலும் இந்த நிமிர்தல்தான் காரணம்.

துள்ளி வரும் பந்தில் தரையில் பட்ட மறுகணமோ, துள்ளலின் உச்சியிலோ பிடிப்பது சுலபம். இரண்டுக்கும் நடுவில் பிடிப்பதுதான் கஷ்டம். அந்த நடுவில் சிக்காமல் இருக்கக் கால் ஓர் எட்டு முன்னால் போகவோ பின்னால் வரவோ வேண்டும். நின்ற இடத்தில் காத்திருப்பவன் பந்து கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கிளவுஸ் இல்லாமல் 15 அடியிலிருந்து டென்னிஸ் பந்தை உருட்டி 20 முறை, பிறகு மெதுவாகத் துள்ளவிட்டு 20 முறை. வெறுங்கையில் பிடிக்கும்போது இரண்டு கையும் தானாகச் சேரும்.

அவனுடைய முழங்கால் தடுப்பை மறக்கச் சொல்லாதீர்கள். அவுட்ஃபீல்டில் அதற்கு மதிப்பு உண்டு. அங்கே பின்னால் யாரும் இல்லை. பந்து தாண்டினால் இரண்டு பேஸ் கூடுதலாகப் போகும். யாரையும் அவசரமாக அவுட் செய்ய வேண்டியில்லாத நேரத்தில் அங்கே முழங்காலை ஊன்றுவதுதான் சரி.

கேள்வி: உயரப் பந்து வந்தால் என் மகள் முதலில் முன்னால் ஓடுகிறாள். பந்து தலைக்கு மேலே போய்விடுகிறது. எத்தனை முறை சொன்னாலும் மாறவில்லை.

நேராக வரும் பந்து எவ்வளவு தூரம் போகும் என்று முதல் நொடியில் கணிப்பது பெரியவர்களுக்கும் கடினம். அதனால் அந்த நொடிக்கு ஒரு பழக்கத்தை வைத்துவிட வேண்டும்: முதல் அடி பின்னால். பின்னால் வைத்துவிட்டு முன்னால் ஓடி வருவது சுலபம். முன்னால் ஓடிவிட்டுத் திரும்புவது முடியாத காரியம்.

பின்னால் போவது என்றால் முகத்தைப் பந்துக்குக் காட்டியபடி பின்னோக்கிக் குதித்துக் குதித்துப் போவது அல்ல. அப்படிப் போனால் குதிகால் தடுக்கி மல்லாந்து விழுவாள். பந்து வலது தோளுக்கு மேலே போகிறது என்றால் வலது காலைப் பின்னால் சாய்வாக வைத்து இடுப்பைத் திருப்ப வேண்டும். அடுத்து இடது கால் அதைக் குறுக்கே தாண்டி வரும். பிறகு சாதாரண ஓட்டம்தான். ஓடும்போது கிளவுஸை நீட்டிக்கொண்டு ஓடக் கூடாது, வேகம் பாதியாகிவிடும். கை வீசி ஓடி, கடைசி இரண்டு அடியில்தான் கிளவுஸ் மேலே வர வேண்டும். முன்பாதம் ஊன்றி ஓடச் சொல்லுங்கள். குதிகால் தரையில் அடிக்க ஓடினால் பார்வை குலுங்கும், பந்தும் குலுங்குவது போலத் தெரியும்.

பந்தே இல்லாமல் தொடங்குங்கள். நீங்கள் கையால் வலது, இடது என்று காட்ட, அவள் அந்தப் பக்கம் முதல் அடியும் குறுக்கடியும் மட்டும் வைக்கட்டும். பத்து முறை. பிறகு நீங்கள் பந்தைக் கையில் வைத்துக் காட்ட, அவள் திரும்பி ஓட, அவள் ஓடும் பக்கத்துக்கு மேலாகத் தூக்கிப் போடுங்கள். மட்டையால் அடித்துக் கொடுப்பது கடைசியில். பலர் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பத்தில் ஏழு பந்து எங்கோ போக, பிள்ளைக்குப் பயிற்சியும் கிடைப்பதில்லை, நம்பிக்கையும் போய்விடுகிறது.

கேள்வி: எங்கள் அணியின் நல்ல பிட்சர்தான் நல்ல கேட்சரும். ஒரே நாளில் இரண்டையும் செய்யலாமா?

கூடாது என்பதுதான் எங்கள் பதில். விதியும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. லிட்டில் லீக்கில் ஒரு நாளில் 41 பந்தோ அதற்கு மேலோ வீசிய பிட்சர் அன்று கேட்சராக நிற்க முடியாது. நான்கு இன்னிங்ஸ் கேட்சராக இருந்தவன் அன்று பந்து வீச முடியாது. பிட்சருக்கு அடுத்தபடியாக அதிக முறை எறிபவன் கேட்சர்தான் என்பதே காரணம். ஒவ்வொரு பந்தையும் அவன் திருப்பி எறிகிறான். செகண்ட் பேஸுக்கு 85 அடி எறிய வேண்டியிருக்கிறது.

ஒரு நாளைக்கான உச்சவரம்பு 7, 8 வயதுக்கு 50 பந்து. 9, 10 வயதுக்கு 75. 11, 12 வயதுக்கு 85. வீசிய பந்துக்கு ஏற்ப ஓய்வும் உண்டு. 14 வயது வரை 21 முதல் 35 பந்துக்கு ஒரு நாள், 36 முதல் 50-க்கு இரண்டு நாள், 51 முதல் 65-க்கு மூன்று நாள், 66-உம் அதற்கு மேலும் என்றால் நான்கு நாள். எத்தனை இன்னிங்ஸ் வீசினான் என்று பார்த்துவந்த பழைய முறையை மாற்றி, 2007-இல் பந்து எண்ணிக்கை விதி வந்தது. ஓர் இன்னிங்ஸ் 9 பந்திலும் முடியும், 35 பந்திலும் முடியும் என்பதால் அந்த மாற்றம் மிக அவசியமாக இருந்தது. ஆட்டத்துக்கு முன் வீசும் பயிற்சிப் பந்துகள் இந்தக் கணக்கில் வராது, ஆனால் கைக்கு அவையும் பந்துதான். இரண்டு அணியில் ஆடும் பிள்ளைக்கு இரண்டு பயிற்சியாளரும் தனித்தனியாக எண்ணுவார்கள். கூட்டிப் பார்க்க வேண்டியது பெற்றோர்.

பிட்சிங் முடித்த பையனை ஃபர்ஸ்ட் பேஸிலோ செகண்ட் பேஸிலோ நிறுத்துங்கள். ஷார்ட்ஸ்டாப்பும் தேர்ட் பேஸும் வேண்டாம், எறி நீளம். முழங்கையின் உட்பக்கம் வலிக்கிறது என்று சொன்னால் அன்றைக்கு அதோடு சரி. அங்கே எலும்பு வளரும் இடம் இன்னும் கெட்டிப்படவில்லை. திரும்பத் திரும்ப எறியும்போது தசைநார் அந்த இடத்தைத்தான் இழுக்கிறது. ஐஸ் வைத்துவிட்டு அடுத்த இன்னிங்ஸுக்கு அனுப்பும் வழக்கத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வருடத்தில் நான்கு மாதமாவது எறியாமல் இருப்பதும், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக இருப்பதும் நல்லது. வேறு விளையாட்டுக்கு அதுதான் சரியான நேரம்.

கேள்வி: கேட்சராக நிற்க யாருமே முன்வருவதில்லை. கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். ஆனால் பிள்ளைகள் ஏன் ஒதுங்குகிறார்கள் என்று பாருங்கள். அளவு சரியில்லாத கவசமே பல அணிகளில் காரணம். பெரிய முகமூடி ஒவ்வொரு முறையும் நழுவிக் கண்ணை மறைக்கும். மார்புக் கவசம் கழுத்தெலும்பிலிருந்து தொப்புள் வரை மூட வேண்டும். கைவீச்சைத் தடுக்கக் கூடாது. கால் கவசம் முழங்கால் சில்லின் மேல் சரியாக உட்கார வேண்டும். தலைக்கவசம், தொண்டைக் காப்பு, ஆண் பிள்ளைகளுக்கு அடிவயிற்றுக் காப்பு (கப்) ஆகியவை இல்லாமல் பயிற்சியில்கூட நிறுத்தக் கூடாது.

கற்றுத்தர வேண்டிய முதல் விஷயம் தரையில் குத்தி வரும் பந்தைத் தடுப்பது. பிடிப்பது பிறகு. முழங்கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தரையில் விழ வேண்டும்; அதற்கும் முன்பாகக் கிளவுஸ் அவற்றுக்கு நடுவே மண்ணைத் தொட்டிருக்க வேண்டும். தாடை மார்பில் ஒட்டியிருக்கும், தோள் முன்னால் வளைந்திருக்கும், எறியும் கை கிளவுஸுக்குப் பின்னால் மறைந்திருக்கும். மூச்சை வெளியே விட்டபடி உடம்பைத் தளர்த்தினால் பந்து மார்பில் பட்டு முன்னாலேயே செத்து விழும். விறைத்துக்கொண்டால் தெறித்து ஓடும். பயத்தில் முகத்தைத் திருப்புவதுதான் பெரிய ஆபத்து. முகமூடி முன்பக்கத்தைக் காக்கும். திருப்பினால் காதும் கழுத்தும் வெளியே தெரியும்.

முதல் வாரம் பந்தே வேண்டாம். கை தட்டினால் விழுந்து காட்டட்டும், பத்து முறை வீதம் இரண்டு சுற்று. அடுத்த வாரம் 15 அடியிலிருந்து மென்மையான பயிற்சிப் பந்தைத் தரையில் குத்திப் போடுங்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான பந்து. ஆட்டத்தில் ஆரம்பத்தில் ஓர் ஆளுக்கு இரண்டு இன்னிங்ஸ் போதும். ஒவ்வொரு பந்திலும் கை வைக்கிற, மைதானம் முழுவதையும் முகத்துக்கு நேரே பார்க்கிற ஒரே இடம் இது. அதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சரியான கவசமும் இரண்டு வாரப் பயிற்சியும் கிடைத்தால், கேட்டு வாங்கி நிற்பவர்கள் இருப்பார்கள்.

கேள்வி: மகள் இடது கைக்காரி. ஷார்ட்ஸ்டாப் ஆசை. முடியாது என்கிறார்கள். உண்மையா?

10 வயதில் ஆடலாம், தாராளமாக. ஆனால் தடை எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியட்டும். ஷார்ட்ஸ்டாப்பில் நிற்பவளுக்கு ஃபர்ஸ்ட் பேஸ் இடது பக்கம். வலது கையால் எறிபவருக்கு இடது தோள் ஏற்கெனவே அந்தப் பக்கம் பார்த்திருக்கும். அவளோ உடம்பை முழுதாகத் திருப்பி வலது தோளை அங்கே கொண்டுவர வேண்டும். ரன்னர் இரண்டு எட்டு வைக்க அது போதும். செகண்ட், தேர்ட் பேஸிலும் இதே கதை. மைதானம் பெரிதாகும்போது அந்த இரண்டு எட்டின் விலை ஏறும்.

ஃபர்ஸ்ட் பேஸில் நிலைமை அப்படியே தலைகீழ். கிளவுஸ் வலது கையில் இருப்பதால் செகண்ட் பேஸ் பக்கத்து இடைவெளியை அவள் நன்றாக அடைப்பாள். செகண்ட் பேஸுக்குத் திரும்பாமலே எறிவாள். அவுட்ஃபீல்டிலும் பிட்சராகவும் ஒரு குறையும் இல்லை. ஆசைக்கு ஷார்ட்ஸ்டாப் கொடுங்கள், கூடவே ஃபர்ஸ்ட் பேஸையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: உயரப் பந்துக்கு இரண்டு பிள்ளைகள் ஓடி வந்து மோதிக்கொண்டார்கள். தவிர்ப்பது எப்படி?

குரல், அதோடு வரிசை. பந்து உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது "எனக்கு, எனக்கு, எனக்கு" என்று மூன்று முறை கத்த வேண்டும். மற்றவன் பதிலுக்கு அவன் பெயரைச் சொல்லி விலக வேண்டும். இரண்டு பேரும் கத்தினால் யாருக்கு உரிமை என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அவுட்ஃபீல்டில் சென்டர் ஃபீல்டருக்கே முதல் உரிமை. இன்ஃபீல்டருக்கும் அவுட்ஃபீல்டருக்கும் நடுவே விழுந்தால் அவுட்ஃபீல்டருக்கு, ஏனென்றால் அவன் முன்னோக்கி ஓடி வருகிறான். பந்து அவன் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. ஷார்ட்ஸ்டாப்புக்கும் செகண்ட் பேஸ்காரனுக்கும் நடுவே என்றால் ஷார்ட்ஸ்டாப். பிட்சரும் கேட்சரும் கடைசி. இதைப் பயிற்சியில் பந்தைத் தூக்கிப் போட்டுத்தான் பழக்க வேண்டும். பலகையில் வரைந்து காட்டினால் மண்டையில் ஏறாது.

கேள்வி: இடம் மாறி மாறி ஆடும் பிள்ளைக்கு எத்தனை கிளவுஸ் வாங்குவது?

ஒன்று. 9 முதல் 12 வயதுக்கு 11 அல்லது 11.5 அங்குலம் எல்லா இடத்துக்கும் ஒத்துவரும். கேட்சர் கிளவுஸ் அணியின் பொதுச்சொத்தாக இருக்கட்டும். வளர்ந்துவிடுவான் என்று 12.5 அங்குலம் வாங்கினால் கை உள்ளே நீந்தும். பந்து விழுந்தும் மூடத் தெரியாமல் வெளியே துள்ளும். கடையிலேயே மாட்டிப் பார்த்து, விளிம்பும் விளிம்பும் தொடும்படி பத்து முறை மூடச் சொல்லுங்கள். ஏழாவது முறையிலேயே கை சோர்ந்தால் அது வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு 13 ஆகப்போகிறது. பெரிய மைதானத்துக்குப் போகிறான். இப்போதாவது ஓர் இடத்தை முடிவுசெய்யலாமா?

ஓர் இடத்தை முதன்மையாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று என்று மட்டும் முடிவுகட்ட வேண்டாம். பெரிய மைதானத்தில் பேஸ்களுக்கு இடையே 90 அடி. பிட்சர் தூரம் 60 அடி 6 அங்குலம். தேர்ட் பேஸிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு 127 அடி. நேற்றுவரை ஷார்ட்ஸ்டாப்பில் கொடிகட்டிப் பறந்தவனின் எறி திடீரென்று எட்டாமல் போகும். அது திறமைக் குறைவு அல்ல. தோள் இன்னும் வளரவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வருடம் செகண்ட் பேஸிலும் லெஃப்ட் ஃபீல்டிலும் நிற்கட்டும்.

தொழில்முறையில்கூட இடம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. மேஜர் லீக் வீரர் மூக்கி பெட்ஸ் 2011-இல் இன்ஃபீல்டராகத் தேர்வானவர். செகண்ட் பேஸில் வளர்ந்தவர். பாஸ்டன் அணியில் அந்த இடம் காலியாக இல்லாததால் 2014-இல் அவுட்ஃபீல்டுக்கு மாறினார். ரைட் ஃபீல்டராக ஆறு முறை சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருது வாங்கிவிட்டு, முப்பது வயதுக்குப் பிறகு டாட்ஜர்ஸ் அணியில் ஷார்ட்ஸ்டாப்பாக நிற்கிறார். கென்லி ஜேன்சன் 2009 வரை கேட்சர், 2010-இல் மேஜர் லீக்கில் பிட்சர். பல இடங்களில் ஆடுபவருக்கென்றே 2022 முதல் கோல்டு கிளவ்வில் தனிப் பிரிவு கொடுக்கிறார்கள்.

உங்கள் மகனுக்கு இன்ஃபீல்டில் ஒன்று, அவுட்ஃபீல்டில் ஒன்று என இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். பயிற்சி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் இடத்துக்கு, மீதி இரண்டாவதுக்கு. புதிய தூரத்தை ஒரே நாளில் எறிய விடாதீர்கள். 75 அடியில் தொடங்கி, வாரத்துக்குப் பத்தடி வீதம் கூட்டிக்கொண்டே போங்கள். பந்து வளைந்து மேலே எழும்பாமல், நெஞ்சு உயரத்தில் நேராகப் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த பத்தடி.